பானெட்டுக்கு அந்தப் பக்கம்

"மிதி" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது, கௌமாரி மிதித்தாள். "இன்னொரு மிதி. இன்னொண்ணு. ஆங், அப்படியே பிடிச்சுக்க தங்கச்சி, விட்டுராத" என்றார் மைதீன் பாய், பிடித்துக்கொண்டாள். காலுக்குக் கீழே பிரேக் ஊறின சாக்குமாதிரி தொளதொளவென்று கிடந்தது. அடியில் அவர் எதையோ திருகினார், புஸ்ஸென்று ஒரு சத்தம், அவள் காலோடு சேர்ந்து பெடலும் தரைவரைக்கும் இறங்கிப்போனது. "பயப்படாத, காத்துப் போகுது. வண்டியத் தூக்கினதால பழைய டியூப்பு எட்டல, நீளமான டியூப்பு போட்டிருக்கேன், அதுக்குள்ள காத்து நிக்கும், அத வெளிய எடுத்தாத்தான் பிரேக் பிடிக்கும். நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காத, எடுத்தன்னா போன காத்து மறுபடி உள்ள வந்துரும்." சரிங்கண்ணே என்று சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை, தலையை ஆட்டினாள், அடியில் கிடக்கிறவருக்கு ஆட்டின தலை எப்படித் தெரியும் என்று பிறகுதான் தோன்றியது. இந்த வேலையை வீரணன் செய்திருக்க வேண்டும். அவளுடைய வீட்டுக்காரன், இந்த ஜீப்புக்குச் சொந்தக்காரன். மூன்று சக்கரத்துக்கு அவன்தான் மிதித்தான். கடைசிச் சக்கரம் வரும்போது எலுமிச்சம்பழமும் சூடமும் வாங்க மறந்துபோச்சு என்று கம்பம் மெயின் ரோட்டுக்கு நடந்துவிட்டான், பாய் அவளைப் பார்த்து, "ஏறி ஒக்காந்து மிதிக்கிறியாம்மா, சின்ன வேலதான்" என்று கேட்டார். ஏறுவதே பெரிய வேலையாக இருந்தது. போன வாரம்வரைக்கும் வீட்டு வாசப்படி உயரத்தில் இருந்த வண்டியின் படி இப்போது தொடைக்கு மேலே நின்றது. சேலையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, கம்பியைப் பிடித்து, ஒரு காலை அவ்வளவு தூரம் தூக்கும்போது பாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நல்ல மனுசர். அவர் திரும்பிக்கொண்டதுதான் கூடுதல் கூச்சமாக இருந்தது.

உயரத்தில் உட்கார்ந்தால் எல்லாம் தெரியும் என்று வீரணன் சொல்லியிருந்தான். உண்மைதான், எல்லாம் தெரிந்தது, தூரத்தில் இருக்கிற எல்லாம். பட்டறைச் சுவருக்கு மேலே மலை தெரிந்தது, மலையில் குமுளி போகிற ரோட்டில் எறும்பு மாதிரி ஊர்கிற லாரி தெரிந்தது, பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் காய்கிற பாவாடை தெரிந்தது. கிட்டத்தில் இருப்பதுதான் தெரியவில்லை. கண்ணாடிக்கு முன்னால் பானெட் ஒரு மாடித்தளம் மாதிரி நீண்டு கிடந்தது, அது முடிகிற இடத்தில் நேராகச் சுவர் ஆரம்பித்தது, சுவரின் மேல் பாதி மட்டும். பானெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற தரையைக் காணவில்லை. அந்தத் தரையில் ஒரு பழைய டயர் கிடந்ததே, அந்த டயரில்தானே பாப்பாவை உட்கார வைத்து, பன்னைக் கையில் கொடுத்து, அம்மா கூப்பிடுகிறவரை எந்திரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள், அந்த டயர் எங்கே. கழுத்தை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் சுவர் தெரிந்தது. டயர் இல்லை, பாப்பா இல்லை. கீழே எட்டிப் பார்க்கலாம் என்றால் கால் பெடலை விட்டு நகரக் கூடாது. இருப்பாள், எங்கே போய்விடப் போகிறாள், பன் இன்னும் முடிந்திருக்காது, பாதியைக் காக்காய்க்குப் போடுவாள். "விடு" என்றார் பாய். விட்டாள். பெடல் மெதுவாக மேலே வந்தது. "மிதி." மிதித்தாள்.

செக்போஸ்ட். அதுதான் அவளுக்கு இந்த ஒரு வாரமாகத் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்பது. விடிந்தும் விடியாமல் வீரணன் வண்டியைக் கிளப்புவான், ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறி நெருக்கியடித்து உட்காருவார்கள், அந்த இஞ்சின் சத்தத்துக்குத்தான் பாப்பா கண் விழிப்பாள். வேறு எந்தச் சத்தத்துக்கும் எழுந்திருக்க மாட்டாள். பாயிலிருந்து எழுந்த வேகத்தில், ஜட்டியோடு, கலைந்த தலையோடு ஓடி, தெருக்குழாய்ப் பக்கம் வண்டிக்கு நேரே நின்று இரண்டு கையையும் விரித்துக்கொள்வாள். செக்போஸ்ட்டு, வண்டி போகக் கூடாது. அவன்தான் பழக்கினான், குமுளி செக்போஸ்ட்டில் ஒருநாள் போலீஸ்காரர் கைநீட்டி நிறுத்தியதை அவள் பார்த்த நாளிலிருந்து. அவன் ஹாரன் அடிப்பான். "சார், ஏலக்காய் எதுவும் இல்ல சார், எல்லாம் பொம்பளைங்கதான் சார்" என்பான். உள்ளே இருக்கிறவர்கள், "எங்கள இறக்கி விட்ராத போலீசம்மா, கூலி போயிரும்" என்று சிரிப்பார்கள். பாப்பா யோசிக்கிற மாதிரி யோசித்து, கையை இறக்கி, "போ" என்று ஒதுங்குவாள். வாசலில் நின்று கௌமாரி பார்ப்பாள். ஒருநாள் அவன் காய்ச்சலில் படுத்திருந்தபோது வண்டியைத் துடைக்க ஏறினவள், சும்மா, அவன் இடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பாப்பா குழாய்ப் பக்கம் வந்து நின்றாள். தலையும் கழுத்தும் விரித்த இரண்டு கையும் பானெட்டுக்கு மேலே தெரிந்தன, தண்ணீரில் நிற்கிற பிள்ளை மாதிரி. ஓ, இப்படித்தான் அவருக்குத் தெரியுமா என்று சந்தோசமாக இருந்தது. கிட்ட வந்தால்? பாப்பா இரண்டு எட்டு முன்னால் வந்தாள், தண்ணீர் கழுத்துக்கு ஏறியது, பிறகு வாய்க்கு, பிறகு கொண்டைக்கு. கடைசியில் ஒரு ரிப்பன். அவ்வளவுதான் இருந்தது அப்போதே. இப்போது ஸ்பிரிங் பட்டையை மாற்றி, ஷாக்கை மாற்றி, ஒரு சாண் தூக்கி, அதற்கும் மேலே இந்தக் கல்லுரல் மாதிரி டயரையும் போட்டாயிற்று.

கேட்காமல் இல்லை. கேட்டாள். அடுப்படியில், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இட்லிச் சட்டியோடு பேசுகிற மாதிரி கேட்டாள். "தூக்கினா பாப்பா தெரிவாளாங்க." அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "டயர் பெருசாகும்போது அவளும் பெருசாயிருவா, நீ கவலைப்படாத" என்றான். நல்ல பதில்தான். அவன் எதற்கும் நல்ல பதில் வைத்திருப்பான். அதற்கு மேல் பேச அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை, எப்போதும் இப்படித்தான், வார்த்தை பிறகுதான் வரும், பாத்திரம் கழுவும்போது, கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும்போது, ஒருவரும் இல்லாதபோது வரிசையாக வந்து நிற்கும். அவன் ஆசையும் சின்ன ஆசை இல்லை. குமுளி மலைக்கு மேலே ரிசார்ட்டு வாசலில் ஜீப்புகள் நிற்கும், சுற்றுலா வருகிறவர்களைச் சூரியன் உதிக்கிற இடத்துக்குப் பாறைமேல் ஏற்றிக்கொண்டு போக. சின்னப் பையன்கள் எல்லாம் தூக்கின வண்டி வைத்திருக்கிறார்கள், ஆள் முதலில் அதில்தான் ஏறுகிறது, முன்னால் நின்று போட்டோ எடுக்கிறது. இவன் போய் நின்றபோது ஒரு பொம்பளை, எங்கேயோ சென்னைக்காரி, "இது ஸ்கூல் வேன் மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனாளாம். வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துத்தான் சொன்னான். சொல்லிவிட்டுச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனான். அந்தப் பாதிச் சோறு அவளுக்குத் தெரியும். அதைத் தின்றவளும் அவள்தான். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது, தூக்க வேண்டாம் என்று. சூரியன் உதிப்பதைக் காட்டுகிற வண்டி இன்னும் இருட்டோடு கிளம்பும். இருட்டில், அந்த உயரத்திலிருந்து, ஜட்டியோடு நிற்கிற ஒரு செக்போஸ்ட்.

"பிடி" என்றார் பாய். பிடித்துக்கொண்டிருந்தாள். "பிடிச்சிருக்கியா? சத்தம் குடும்மா, நீ மிதிச்சியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்." "பிடிச்சிருக்கேண்ணே" என்றாள், அவளுக்கே கேட்கவில்லை. பாய் சிரிப்பது கேட்டது. "வீரணன் குடுத்து வச்சவன். வீட்ல எதுத்துப் பேச ஆளில்ல." அவளும் சிரித்தாள், சிரிக்க வேண்டிய இடம் என்று. பேசாமலிருந்து பட்டது அவளுக்குத்தான் தெரியும். பாப்பா பிறக்கிற அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்தாள், பக்கத்தில் ஒரு பெண் அப்பனைத் திட்டினாள், ஆத்தாளைத் திட்டினாள், சாமியைத் திட்டினாள், நர்ஸுகள் அவளிடமே ஓடினார்கள். கௌமாரி சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கத்தாதவளுக்கு இன்னும் நேரமிருக்கு என்று போனார்கள். பெஞ்சிலிருந்து எழுந்தபோது சேலை நனைந்திருந்தது, அப்போதும் அவள் சொல்லவில்லை, தரையைத் துடைக்க வந்த அம்மாதான் பார்த்துவிட்டுக் கூப்பாடு போட்டாள். கழுத்தில் கொடி சுற்றி நீலமாக வந்தது பிள்ளை. தட்டித் தட்டி அழவைத்தார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் என்று ஒரு நர்ஸ் சொல்லிவிட்டுப் பாதியில் நிறுத்தினாள், அந்தப் பாதியை முழுசாக்கி முழுசாக்கி எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், உள்ளேன் டீச்சர் என்று சொல்ல நாக்கு வராது, வந்த நாளெல்லாம் வரவில்லை என்றே விழுந்தது, ஐந்தாவதோடு நின்றபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்புறம் அந்தக் கோழி. நினைக்கக் கூடாது என்று இருந்தாள், நினைப்பு பெடல் மாதிரி தானாக மேலே வருகிறது. தவிட்டு நிறக் கோழி, வண்டிக்கு அடியில்தான் நிழலுக்குப் படுக்கும். வண்டி தாழ்வாக இருந்தபோதே நடந்தது அது. அவன் கிளப்பினான், பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒரு சின்னச் சத்தம், காய்ந்த ஓலையை மிதித்த மாதிரி. வண்டி குலுங்கக்கூட இல்லை. அவன் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அவள் ஓடிப்போய்ச் சாம்பல் போட்டுக் கூட்டி, பாப்பா பார்ப்பதற்குள் குழியில் போட்டு மூடினாள். சாயந்தரம் அவன் வந்து வண்டியை நிறுத்தினதும் குடத்தில் தண்ணீர் எடுத்துப்போய் டயரைக் கழுவினாள், பள்ளத்துக்குள் ஒரு இறகு ஒட்டியிருந்தது, பகலெல்லாம் மலையேறி இறங்கியும் போகாமல். "என்னடி இன்னைக்கு டயருக்கெல்லாம் குளிப்பாட்டு" என்று கேட்டான். சும்மா என்றாள். மறுநாள், "கோழியக் காணமே, எவன் வீட்டுக் கொழம்புக்குப் போச்சோ" என்றான். அவனுக்கு இன்றுவரை தெரியாது. தெரியவில்லை என்பதுதான் அவளை உலுக்கியது. ஏறி இறங்கினது காலுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரியவில்லை, அவ்வளவு பெரிய இரும்புக்குள் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது ஒன்றுமே இல்லை. இந்த டயரின் பள்ளம் அதைவிட ஆழம். அவள் விரல் முழுசாக உள்ளே போகிறது, காலையில் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, ஹாரன் அடி."

எங்கிருந்து வந்தது. முன்னாலிருந்து. பானெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தரையிலிருந்து. கௌமாரி பார்த்தாள், சுவர்தான் இருந்தது. "அப்பா, செக்போஸ்ட்டு. ஹாரன் அடி." பாப்பாதான். ஓட்டுகிற இடத்தில் ஆள் இருப்பது நிழலாகத் தெரிந்திருக்கும், அது அப்பா இல்லாமல் யார், அவளுக்கும் மேலே இருக்கிற முகம் தெரியவில்லை போல. கையை விரித்துக்கொண்டு நிற்பாள். எங்கே நிற்கிறாள், பம்பரைத் தொட்டுக்கொண்டா, தள்ளியா, எந்தச் சக்கரத்துக்கு நேரே. இஞ்சின் ஓடவில்லை, சாவிகூட அவனிடம் இருக்கிறது, வண்டி எங்கேயும் போகாது, தெரியும், ஆனாலும் பட்டறைத் தரை அந்தச் சுவரைப் பார்த்துச் சரிவாகத்தானே இருக்கிறது, வண்டி முகத்தை அந்தப் பக்கம்தானே வைத்திருக்கிறது, இந்தப் பெடலை விட்டால், பிரேக்கில் காற்று, இன்னும் காற்று இருக்கிறது என்றாரே. பெடலை இன்னும் அழுத்தினாள். "விடு தங்கச்சி" என்றார் பாய். விடவில்லை. "விடும்மா, முடிஞ்சிருச்சு, நட்டை முறுக்கிட்டேன்." விடமாட்டாள். பாப்பா என்று கூப்பிட வேண்டும், தள்ளிப் போ என்று சொல்ல வேண்டும், வாய் திறந்துதான் இருக்கிறது, வாய்க்குள் காற்றுதான் இருக்கிறது. முந்தானை நுனி எப்போது பல்லுக்குள் வந்தது. பெஞ்சு. நீலம். இறகு. எதிரே வட்டமாக ஸ்டியரிங், நடுவில் ஊதுகுழல் படம் போட்ட பொத்தான். உள்ளங்கையால் அதை அமுக்கினாள். வண்டி அலறியது. எடுக்கவில்லை, அமுக்கிக்கொண்டே இருந்தாள், டீக்கடையிலிருந்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள், பாவாடை காய்கிற மாடியில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள், அத்தனை பேர் பார்ப்பதையும் பார்த்துக்கொண்டே அமுக்கினாள்.

வீரணன் பையோடு ஓடிவந்தான். "ஏய், என்னடி, என்னாச்சு, எடு கைய, பேட்டரி போயிரும்." கதவைத் திறந்து அவள் கையைப் பிடித்து எடுத்தான். சத்தம் நின்றது. அடியிலிருந்து பாய், "காதுக்கு நேரா வச்சு அடிச்சிட்டியேம்மா" என்று முனகினார்.

"ஏறி ஒக்காருங்க" என்றாள் கௌமாரி. சொன்னது தான்தானா என்று இருந்தது. காலை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தாள். "ஒக்காந்து, பாப்பா எங்க நிக்கிறான்னு பாத்துச் சொல்லுங்க."

"என்னடி இது, ஊரே பாக்குது."

"பாக்கட்டும். சொல்லுங்க."

அவன் ஏறி உட்கார்ந்தான். முதலில் சிரித்த முகம்தான், புது உயரத்தின் சந்தோசம் கொஞ்சம் இருந்தது, கண்ணாடி வழியாக இப்படியும் அப்படியும் பார்த்தான். "இங்க இல்லையே. டீக்கடைப் பக்கம் போயிருக்கா பாரு. நான் போகும்போது டயர்கிட்டதான் நின்னா." எம்பினான். தலை கூரையில் இடித்தது. "பாப்பா" என்று கூப்பிட்டான். பதில் இல்லை. "ஏய் மிதுனா." அவன் குரல் மாறுவதைக் கேட்டாள். ரோட்டில் ஒரு பஸ் போனது, அதைத் திரும்பிப் பார்த்தான்.

"அங்கிட்டெல்லாம் எங்கப்பா தேடுற" என்றார் பாய் அடியிலிருந்தே, சாவதானமாக. "எனக்குக் கால் தெரியுது. பம்பருக்கு முன்னாடிதான் நிக்குது பிள்ள. ஒரு காலு செருப்பில்லாம. எதையோ பொறுக்குது."

வீரணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். பானெட்டையே பார்த்தான். வெள்ளைப் பெயிண்ட், மெழுகு போட்டுத் துடைத்தது, மேகம் தெரிந்தது அதில். கொஞ்ச நேரம் கழித்து முன்னாலிருந்து பாப்பா நிமிர்ந்திருக்க வேண்டும், "போ" என்று சொன்னாள். "செக்போஸ்ட்டு முடிஞ்சிருச்சு, போ அப்பா." அவன் போகவில்லை. சாவி அவன் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

பாய் வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்தபடி இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார், புரிந்துகொண்டார். "லாரிக்கு வைக்கிறாப்புல முன்னாடி ஒரு உருண்டைக் கண்ணாடி வச்சுத் தரவா. கீழ எல்லாம் தெரியும்."

"லாரி மாதிரி இருக்குமே பாய்" என்றான் வீரணன். குரலில் தெம்பில்லை.

"இருக்கும். வேணாம்னா இறக்கியும் தரலாம், பழைய பட்டையெல்லாம் அந்தா கெடக்கு."

அவன் அந்தப் பக்கம் பார்த்தான். துருப்பிடித்த பட்டைகள் பக்கவாட்டுச் சுவரோரம் அடுக்கியிருந்தன. அதற்கு மேலே, பெரிய டயர் வந்ததும் கழற்றிப் போட்ட சின்ன டயர்கள். ஸ்கூல் வேன் என்று யாரோ சொன்ன வண்டியின் கால்கள். இறக்கு என்று சொல்லிவிடுவான் என்று ஒரு மூச்சு நேரம் கௌமாரி நம்பினாள். அவளே சொல்லியிருக்கலாம், வாய் இன்னும் மூடிக்கொள்ளவில்லை, அந்த ஒரு வார்த்தைதான் பாக்கி. பாதிச் சோற்றுத் தட்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. "அடுத்த வாரம் வந்து கண்ணாடி வச்சுக்கிறேன் பாய்" என்றான் அவன். "நாளைக்கு விடியக்காலம் ஆள் சொல்லியிருக்கு."

பாய் தலையை ஆட்டினார். பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நாலு டயருக்கும் அடியில் அவரே வைத்தார், எத்தனையோ பேருக்கு வைத்துப் பழகின கை. கௌமாரி இறங்கி, முன்னால் போய், பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பாப்பாவின் மற்றக் கையில் ஒரு சின்ன நட்டு இருந்தது, எண்ணெய் பூசி. டயருக்கு அடியில் மஞ்சளாக இருந்த பழத்தைப் பார்த்ததும் அதைப் பார்த்து இழுத்தாள், "அம்மா பழம், அம்மா எனக்கு." இழுக்க இழுக்கக் கௌமாரி இறுக்கிப் பிடித்தாள். சுவரோரம் கூட்டிப்போய், அந்தப் பழைய பட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றாள். சூடம் கொளுத்திச் சுற்றினார்கள், கரும்புகை காற்றில் அவள் பக்கமே வந்தது. வீரணன் இஞ்சினைக் கிளப்பினான். கிளப்பிவிட்டு, நகராமல், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"பாப்பா உங்கிட்ட இருக்காளா?"

"இருக்கா."

சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. "இருக்காளா?"

"இருக்கா" என்று கத்தினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் அவள் போட்டதில்லை. பழங்கள் நசுங்கின. வண்டி குலுங்கவே இல்லை. இரண்டடி போய் நிறுத்தினான், மறுபடி தலையை நீட்டினான், முகத்தில் வேர்வை, புது வண்டிக்காரன் முகம் இல்லை அது. நாளைக்கும் இப்படிக் கேட்பான். இருட்டில், அவள் அடுப்படியில் நிற்கும்போது, உலை பொங்கும்போது, பாயில் பிள்ளை படுத்த பள்ளம் இருக்கிறதா ஆள் இருக்கிறதா என்று பார்க்க நேரம் இல்லாதபோது, வாசலிலிருந்து கேட்பான். நாளைக்கு, அதற்கடுத்த நாள், மழைக்காலம், தலைவலி, அவள் பதில் சொல்வாள். சொல்லித்தான் ஆக வேண்டும், அவள் வாயை நம்பித்தான் இனிமேல் அந்த வண்டி நகரும்.

"பாப்பா இருக்காளா?"

"இருக்கா" என்றாள். அதற்குப் பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

கையில் மணிக்கட்டு இருந்தது. அவள் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது. பாப்பா அழ ஆரம்பித்திருந்தாள். முதலில் சொல்லிவிட்டாள், பிறகு பார்த்தாள், முதல் நாளே.